சொல்லுக்குத் துணை

வங்கியில் சேர்ந்த புதிதில், வெள்ளத்தில் சேதமான கிடங்கு ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். மழை 'ஸ்ட்ராங்'காகப் பெய்ததாக எழுதியிருந்தேன். அதிகாரி அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'ஹெவி' என்று போட்டார். காரணம் கேட்டேன். "அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். நான் பி.ஏ. ஆங்கிலம். இலக்கணப் பிழை ஏதும் செய்யவில்லை. 'பலத்த மழை'யை ஆங்கிலத்தில் பெய்யவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த 'அப்படித்தான்' என்ற பதிலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் லண்டனில் அல்ல, டோக்கியோவில் எழுதப்பட்டது.

1922இல் ஹெரால்ட் பாமர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராகப் போனார். மறு வருஷம் அங்கே ஆங்கில போதனைக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. கற்பவனுக்கு எத்தனை சொற்கள் போதும் என்பது அவரை ஆட்டிவைத்த கேள்வி. பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. தனிச்சொற்களைக் கற்றுவிட்டவனும் ஆங்கிலம் எழுதுவதில்லை. 'மிஸ்டேக்' என்றால் 'மேக்' வர வேண்டும். 'ஹோம்வொர்க்' என்றால் 'டூ'. இதைப் பகுத்தறிந்து வருவிக்க முடியாது. சேர்ந்தபடியே கற்க வேண்டும். இத்தகைய சேர்க்கைகளைத் திரட்டி, வகை பிரித்து, 1933இல் ஓர் அறிக்கையாகவே பாமர் வெளியிட்டார். ஜப்பானியரான ஸைட்டோ ஹிடெஸாபுரோ இதற்கு முன்னமே, 1915இல், தொடர்வழக்குகளை முதன்மையாகக் கொண்டு ஓர் ஆங்கில-ஜப்பானிய அகராதி தந்திருந்தார்.

இலக்கியம் கற்பிக்க 1924இல் ஜப்பான் போன ஹார்ன்பி, பாமரின் வேலையில் வந்து சேர்ந்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இருவருடன் அவர் தயாரித்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதாவது, ஆங்கிலம் அங்கே எதிரியின் மொழியாகிவிட்டிருந்த வருஷத்தில். ஆக்ஸ்ஃபோர்ட் 1948இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. கல்லூரி நாட்களில் நம்மில் பலர் பிரித்துப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியின் பூர்வீகம் இதுதான்.

கோட்பாடு பின்னால்தான் வந்தது. லாகூரில் 1928 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஃபர்த், 1950களில் லண்டனில், ஒரு சொல்லின் துணைச்சொற்களும் அதன் பொருளில் ஒரு பகுதி என்று வாதித்தார். தேநீருக்கு 'ஸ்ட்ராங்', காருக்கு 'பவர்ஃபுல்' என்று 1966இல் பிரித்துக் காட்டியவர் ஹாலிடே. (முன்னதை நமக்குப் பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை, டீக்கடை கற்பித்தது.) 1987இல் ஸின்க்ளேரின் குழு, கணிப்பொறியில் திரட்டிய உரைகளைக் கொண்டே கோபில்ட் அகராதியைச் செய்தது.

இந்த வரிசையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. தாய்மொழிக்காரனுக்குத் தன் பழக்கம் பழக்கமாகத் தெரிவதில்லை. சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஏன் ஒரே வினை என்று நமக்குத் தோன்றியதுண்டா? தமிழ் கற்க வந்த அன்னியன் முதல் வாரத்திலேயே கேட்பான். ஆங்கிலத்தின் இந்த ரகசியமும் வெளியே நின்று தடுக்கி விழுந்தவர்களின் வகுப்பறையில்தான் அம்பலமாயிற்று.

நம்மவர்கள் ஆட்சேபிக்கலாம்: பழகிப்போன சேர்க்கைகளைப் பிரிப்பதல்லவா கவிஞனின் வேலை, அவற்றைப் போய் மனனம் செய்வதா? உண்மைதான். ஆனால் என் 'ஸ்ட்ராங்' மழை கவிதை ஆகவில்லை. மீறுவதற்கு அங்கே ஒரு பழக்கம் இருந்ததே எனக்குத் தெரியாது. பிழைக்கும் கவிதைக்கும் இடையே உள்ள தூரம் அந்த அறிவுதான். புதுமை என்ற பெயரில் நம் பத்திரிகைகளில் வரும் பல வரிகளை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

விமர்சன உரைநடையின் நிலைமை இன்னும் மோசம். 'முடிவு செய்தோம்' என்ற நாம் இப்போது 'முடிவு எடுக்கிறோம்'. 'நடவடிக்கை எடுக்கிறோம்', 'பங்கு வகிக்கிறோம்'. சொற்கள் நம்முடையவை, சேர்க்கை அவர்களுடையது. இதைத் தூய்மைவாதியாகச் சொல்லவில்லை; மொழிகள் இப்படித்தான் கொள்வினை கொடுப்பினை செய்கின்றன. ஆனால் கடன் வாங்கியவனுக்குக் கடன் வாங்கியது தெரிந்திருக்க வேண்டும். இது வங்கிக்காரனின் கவலை.

காசோலையை ஆங்கிலத்தில் 'ஆனர்' செய்கிறார்கள். கவுண்டரில் நிற்கும் விவசாயி, "செக் பாஸாயிடுச்சா?" என்று கேட்கிறார். இரண்டையும் ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வருகிறேன். ஆங்கிலத்துக்காக ஆரம்பித்த நோட்டு. இப்போது தமிழ்ப் பக்கம்தான் வேகமாக நிரம்புகிறது.