தெரிந்தே விட்ட ஓட்டை

டெட் நெல்சன் 1960-இல் தொடங்கிய ஸனாடு என்ற மீயுரைத் திட்டத்தில் (இணைப்புகளால் கோத்த உரைதான் மீயுரை) அறுந்த இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் எண்ணிய இணைப்பு இரு முனையிலும் கட்டப்பட்டது. எந்தப் பக்கம் தன்னைச் சுட்டுகிறது என்பது சுட்டப்படும் பக்கத்துக்கும் தெரியும். பின்னால் வந்த சவுத்தாம்ப்டனின் மைக்ரோகாஸம், கிராட்ஸ் நகரின் ஹைப்பர்-ஜி ஆகிய மீயுரை அமைப்புகளும் இணைப்புகளைப் பக்கத்துக்குள் எழுதாமல் தனித் தரவுத்தளத்தில் வைத்துக் காத்தன. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த வலையில் இந்தக் காவல் எதுவும் கிடையாது. அதில் இணைப்பு என்பது பக்கத்துக்குள் எழுதிய ஒரு முகவரி, அவ்வளவுதான். 1991-இல் சான் அன்டோனியோவில் கூடிய மீயுரை மாநாடு அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. செய்துகாட்ட மட்டும் இடம் கொடுத்தது. ஆனால் குறையாகப் பட்ட அந்த ஒருவழித் தன்மைதான் வலையைப் பரப்பியது. யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல், எவரும் எதையும் சுட்டலாம். இணைப்பு அறுவது அதற்கான விலை. தெரிந்தே ஏற்ற விலை. 'கிடைக்கவில்லை' என்று சொல்வதற்கென்றே நெறிமுறையில் 404 என்ற எண்ணை ஒதுக்கியிருந்தது அதற்குச் சான்று. (செர்னில் இருந்த ஓர் அறையின் எண் அது என்பது கட்டுக்கதை. 4-இல் தொடங்கும் எண்கள் கேட்பவர் பக்கத்துப் பிழையைக் குறிப்பவை. பக்கத்தை எடுத்தவர் ஒருவர், பழி தேடி வந்தவருக்கு!)

அறுந்ததைக் கண்டுபிடிப்பது சீக்கிரமே கைகூடிவிட்டது. கலிஃபோர்னியாவின் எர்வைன் பல்கலைக்கழகத்தில் இருந்த ராய் ஃபீல்டிங், 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் வலை மாநாட்டில் மாம்ஸ்பைடர் என்ற நிரலை விளக்கினார். ஒரு தளத்தின் பக்கங்களில் ஏறி இறங்கி, ஒவ்வொரு இணைப்பின் மறுமுனையிலும் பக்கத்தை இறக்காமல் தலைப்புத் தகவலை மட்டும் கேட்டு, பதில் வராதவற்றைப் பட்டியலிடும் நிரல் அது. இன்றைய கருவிகளும் அடிப்படையில் இதையேதான் செய்கின்றன. சரிசெய்வதுதான் இழுபறி. தளத்துக்குள்ளேயே அறுந்த இணைப்பை அதன் உரிமையாளர் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு அறுந்தால், கண்டுபிடிப்பவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்துப் போவதைப் போல, அறுத்தவர் பழைய முகவரியில் 301 என்ற திசைமாற்றத்தை வைத்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று பெர்னர்ஸ்-லீயே 1998-இல் வாதிட்டார். கட்டுரைகளுக்கு நிலையான அடையாளமாக ஆய்விதழ்கள் கைக்கொண்ட டிஓஐ எண்ணிலும் மந்திரம் ஏதுமில்லை; அதுவும் ஒரு திசைமாற்றப் பட்டியலே. கட்டணம் கட்டி, விதிகளுக்குக் கட்டுப்பட்டு, அந்தப் பட்டியலைப் பதிப்பகங்கள் புதுப்பித்து வருவதால்தான் அது நிற்கிறது. ஆக, பழுதுபார்ப்பின் வரலாற்றில் தீராமல் நின்ற கேள்வி பொறுப்பு யாருடையது என்பதே.

காகிதமும்தான் மக்குகிறது, வலைப்பக்கம் மட்டும் ஏன் சாகாமல் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பாதி நியாயம்தான், மறைந்த பக்கங்களில் பெரும்பாலானவற்றை யாரும் தேடப் போவதில்லை. ஆனால் ஒரு நூலகத்தில் அழிந்த நூலுக்கு இன்னொரு நூலகத்தில் பிரதி இருக்கும். வலைப்பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே இருப்பிடம். சான்றாகச் சுட்டிய பக்கம் போனால் வாதத்தின் காலே முறிகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்கு இட்டுச் செல்வதில்லை என்று ஜோனதன் ஸிட்ரெய்னும் உடன் ஆய்ந்தவர்களும் 2013-இல் காட்டினார்கள். வன்முறை வீடியோ விளையாட்டுகள் பற்றிய 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று இன்னும் வினோதம்: அது சுட்டிய தளத்தின் பெயர் காலாவதியாக, யாரோ அதை வாங்கி, அந்த மேற்கோளையே கேலி செய்யும் வாசகத்தைப் போட்டார். இப்படி ஏதோ ஒரு பக்கம் திறக்கிற வரை சோதனைக் கருவி 'நலம்' என்றே சொல்லும். கண்டுபிடிப்பதுகூட முழுதாகக் கைகூடவில்லை என்று இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கும்போது கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. 1996-இல் தொடங்கிய அந்த ஆவணகத்தின் வேபேக் மெஷின் 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் துணையோடு ஒரு தானியங்கி நிரல் விக்கிப்பீடியாவில் 2018-க்குள் சுமார் 60 லட்சம் இணைப்புகளைச் சரிசெய்தது. பெரிய தொண்டு. ஆனால் அப்படித் திருத்தியவை பெரும்பாலும் ஒரே வாசலுக்குத் திருப்பப்பட்டுவிட்டன. 2024 அக்டோபரில் அந்த ஆவணகம் இணையத் தாக்குதலால் சில நாட்கள் முடங்கியபோது, திருத்திய இணைப்புகளும் சேர்ந்தே முடங்கின. மையம் வேண்டாம் என்று தொடங்கிய அமைப்பு, பழுதுக்கு ஒரு மையத்தையே நம்பி நிற்கிறது. சுட்டுகிறவரே பிரதியையும் காக்கும் வழி இதைவிட உறுதியானது. ஹார்வர்டு 2013-இல் தொடங்கிய பெர்மா என்ற சேவை இதற்காக நூலகங்களைக் கூட்டுச் சேர்த்தது. தீர்ப்பில் மேற்கோளாகும் வலைப்பக்கங்களின் பிரதிகளை 2015-இலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தளத்திலேயே வெளியிட்டு வருகிறது.