ஒரே சாவியின் கதை



1996-இல் வந்த லினக்ஸ் 2.0, ஒரே கணினியில் பல பிராசசர்கள் வேலை செய்ய வழி திறந்தது. ஆனால் அதன் மையமான கெர்னலுக்குள் நுழைய ஒரே பூட்டுதான். ஆய்வகத்துக்கு ஒரே சாவி. ஓர் ஆசிரியர் உள்ளே போனால் மற்ற ஒன்பது பேரும் வாசலில்! பிராசசர்கள் கூடக்கூடக் காத்திருப்பும் கூடியது.

எந்தப் பூட்டில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளக்க 'லாக்மீட்டர்' போன்ற கருவிகள் வந்தன. அளந்து பார்த்துப் பார்த்து, பெரிய பூட்டுக்குப் பதில் சிறு பூட்டுகள் வைத்தார்கள். பெரிய பூட்டு முழுதாக நீங்கியது 2011-இல்தான். 15 ஆண்டுகள்!

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை "இன்னும் படி" என்றே விரட்டியிருக்கிறேன். எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். மன்னியுங்கள், செல்வங்களே.