அப்புச்சியின் பேனாக்கத்தி

அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் காரியமெல்லாம் முடிந்தபின் அவருடைய பச்சை பெல்ட் என் கைக்கு வந்தது. அதன் பைக்குள் பொடி டப்பாவும், துருவேறி மூடியே கிடந்த ஒரு பேனாக்கத்தியும் இருந்தன. ஓமலூர் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனாலும், கரும்புத் தோட்டத்துக்கு மடை திருப்பப் போனாலும் அந்தக் கத்தி அவர் இடுப்பில் இருக்கும். மூக்கணாங்கயிறு அறுப்பார், வெற்றிலைக் காம்பு கிள்ளுவார், எங்கள் காலில் தைத்த முள்ளை எடுப்பார். எனக்கு அது சிறுவயதில் எட்டாத பொருள். இப்போது கையில் இருந்தும் திறக்க முடியவில்லை.

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். மூன்றாம் நாள் அலகு அசைந்தது. அடியில் துருவைத் துடைத்தபோது ஒரு நட்சத்திரமும் சிலுவையும் தெரிந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. 1764 முதல் அவர்களுடையது. கடல் கடந்து வந்த கத்தியின் வழியைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைச் சுற்றி வளைத்து, ஓமலூருக்கு நேர் தெற்கே நிற்கும் கஞ்சமலையில் கொண்டுவந்து நிறுத்தியது.

கஞ்சமலையின் பாறையில் காந்த இரும்புத்தாது வரிவரியாக ஓடுகிறது. ஓடைகள் அரித்துக் கொண்டுவரும் கருமணலை அலசி எடுத்து, கரியோடு சேர்த்துத் துருத்தி ஊதி இரும்பாக்கினார்கள் இந்தப் பக்கத்து மக்கள். அந்த இரும்பு பிறகு உருக்கு ஆனது. கருக்கிய உமி கலந்த களிமண்ணில் சிறு கலயம் வனைவார்கள். இரும்புத் துண்டுகளை அடுக்கி, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டையைச் சீவிப் போட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கலயங்களை உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால் போதும். ஆறியபின் கலயத்தை உடைத்தால் உள்ளே அடிவட்டத்தின் வடிவத்திலேயே ஒரு உருக்குக் கட்டி இருக்கும். சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையும், யாரும் திரும்பிப் பாராத எருக்கும் சேர்ந்து இரும்புக்குக் கரியூட்டின. இதைக் கண்டு விவரமாக எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கும்பினி அதிகாரி. அவர் கட்டுரை லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் 1839இல் வந்தது.

அதற்கு முன்பே தென்னாட்டு உருக்கு லண்டனை எட்டியிருந்தது. ஆங்கிலேயர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ இவற்றின் உறவுச்சொல் அது. டாக்டர் ஸ்காட் என்பவர் பம்பாயிலிருந்து அனுப்பிய வூட்ஸ் கட்டிகளை ஜார்ஜ் பியர்சன் சோதித்து, 1795இல் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை தந்தார். அந்தச் சோதனையில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரிடம் ஒரு கட்டியைக் கொடுத்து, ஒரு பொருள் செய்யச் சொன்னார்கள். வாளோ ஈட்டியோ கேட்கவில்லை. ஒரு பேனாக்கத்தி கேட்டார்கள்!

அந்த வரியைப் படித்தபோது என் மேசைமேல் கிடந்த கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஸ்டோடார்ட் இருட்டில் மட்டுமே ஒளி தெரியும் அளவுக்கு மங்கிய சூட்டில் அதை அடித்தார். 450 பாரன்ஹீட் சூட்டில், அதாவது 230 செல்சியஸ் சுமாரில் பதம் வந்தது. அடிக்கக் கடினமாக இருந்தாலும், பல வேலைகளுக்கு இது இங்கிலாந்தின் எந்த எஃகையும்விட மேலானது என்பது அவர் முடிவு. பின்னாளில் தன் கடை விளம்பரச் சீட்டிலேயே இந்திய எஃகின் பெயரைப் போட்டுக்கொண்டார். மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820, 1822 ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். கொல்லரின் மகனான ஃபாரடே மின்சாரத்தில் பெயர் பெறுமுன் கைவைத்த வேலைகளில் அதுவும் ஒன்று.

இறகுப் பேனாவைச் சீவத்தான் அங்கே பேனாக்கத்தி பிறந்தது. நம்மிடமும் எழுத்தோடு பிறந்த ஒரு மடக்குக்கத்தி உண்டு. மடக்கெழுத்தாணி என்று பெயர். ஒரே கைப்பிடிக்குள் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை வாரிச் செப்பம் செய்யும் சிறு கத்தி. வேலை முடிந்ததும் இரண்டும் உள்ளே மடங்கிக்கொள்ளும். இறகு சீவிய நாடும் ஓலை வாரிய நாடும் ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன.

ஹீத் கட்டுரை மட்டும் எழுதியவர் அல்ல. 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை எழுப்பி, சேலத்துத் தாதை இரும்பாக்கி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பும் நல்ல எஃகாகும் என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்காலைகள் செய்முறையைச் சற்று மாற்றி அவருக்குப் பணம் தராமல் தப்பித்துக்கொண்டன. வழக்குகளிலேயே அவர் காலம் கழிந்தது. பரங்கிப்பேட்டை உலையும் நெடுநாள் தாங்கவில்லை. மரக்கரி தேடிக் காடுகள் தீர்ந்தன. மலிவான ஆங்கிலேய இரும்பு வந்திறங்கியது. கிராமத்துத் துருத்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

ஆனால் சேலத்து ஆசாரிகளின் கை ஓயவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சேலத்து அருணாசலம் அடித்த வேட்டைக்கத்திகளையும் பன்றி வேட்டை ஈட்டிமுனைகளையும் வெள்ளைக்கார அதிகாரிகள் தேடி வாங்கினார்கள். ‘அர்னாசெல்லம், சேலம்’ என்று ஆங்கில எழுத்தில் முத்திரை குத்திய அவருடைய கத்திகளை இன்றும் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கலயத்தில் உருக்கு வார்த்த எத்தனையோ பேருக்குப் பெயரில்லை. இந்த ஒருவர் தன் பெயரையும் ஊரையும் இரும்பில் எழுதிவிட்டுப் போனார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அப்புச்சியின் கத்தியில் கஞ்சமலை இரும்பு இருக்கிறது என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஷெஃபீல்டின் நல்ல கத்திகளுக்கு நெடுங்காலம் ஸ்வீடன் இரும்புதான் போனது. கைப்பிடிக்கு மட்டும் இந்தியக் காடுகளின் கடமான் கொம்பு கப்பல் கப்பலாகப் போனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இங்கே மான்கொம்பு வணிகம் குற்றம். பழைய கத்தி வாங்குகிறவர்கள் முதலில் கைப்பிடியைத்தான் பார்க்க வேண்டும். அப்புச்சியின் கத்திக்கு எருமைக்கொம்புப் பிடி. 1950களில் சேலம் கடைவீதியில் வாங்கியது என்பார் அம்மா.

சீர்செய்ய உட்கார்ந்தபோது ஒரு மடக்குக்கத்தி எவ்வளவு நுட்பமானது என்று தெரிந்தது. அலகு, முதுகில் ஒரு எஃகு வில், இருபுறமும் பித்தளைத் தகடு, அதன்மேல் கொம்பு, எல்லாவற்றையும் பிணைக்கும் சில ஆணிகள். அலகைத் திறந்து நிறுத்துவதும் மூடி வைப்பதும் அந்த வில்தான். திறக்கும்போது கேட்கிற ‘டக்’ வில்லின் குரல். பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் மூட்டின் அழுக்கை எடுத்தேன். துருவை மெல்லிய பித்தளைக் கம்பி நாரால் தேய்த்தேன். மூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும்.

சாணைக்காரர் அலகைப் பார்த்தார். வாயின் அடிப்பக்கம் உள்வாங்கி, கத்தியே பிறைபோல் மெலிந்திருந்தது. சக்கரத்தில் பிடித்து நேராக்கித் தருவதாகச் சொன்னார். நானும் தலையாட்டப் போனேன். அப்போது கிணற்றடிக் கருங்கல் ஞாபகத்துக்கு வந்தது. அப்புச்சி அதன்மேல் தண்ணீர் தெளித்து, குந்தி உட்கார்ந்து, எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்த்துத் தீட்டுவார். அலகின் அந்த வளைவு அவர் கை போன தடம். நாற்பது வருடம் அவர் தீட்டிய கணக்கு அதில்தான் இருக்கிறது. நேராக்கினால் புதுக்கத்தி கிடைக்கும், அவர் போய்விடுவார். வாயை மட்டும் கையால் தீட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன்.

அன்றிலிருந்து பழைய கத்திகள் எது கைக்கு வந்தாலும் எனக்கு ஒரே விதி. துரு, கவனிக்காமல் விட்ட காலத்தின் வேலை, அதை எடுக்கலாம். தேய்மானம், உழைத்த காலத்தின் வேலை, அதைத் தொடக்கூடாது.

கஞ்சமலை அடிவாரத்தில் 1981 முதல் சேலம் உருக்காலை துருவேறாத எஃகுத் தகடு உருட்டுகிறது. ஓமலூருக்கும் சேலத்துக்கும் இடையே வெள்ளைக்கல் தோண்டி, உருக்காலை உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்கிறார்கள். இரும்போடு இந்த மண்ணுக்கு உள்ள உறவு அறுந்துவிடவில்லை. கத்தி இப்போது என் பையில் இருக்கிறது. கமலாபுரத்தில் விமானம் ஏறும் நாளில் மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

போன சித்திரையில் மகள் அதைக் கேட்டு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து மாங்காய் சீவினாள். புளிப்பு பட்டதும் பழைய எஃகில் நீலமும் கருப்புமாக ஒரு கறை படர்ந்தது. கெடுத்துவிட்டேனா அப்பா என்று பயந்து நீட்டினாள். ஈரத்தை மட்டும் துடைத்தேன். கறையை அப்படியே விட்டுவிட்டேன்.