களிமண் கணக்கும் மூளை அறுவையும்

மூளைக்குள் எந்த இடத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாம் என்று 1908-ல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் காட்டினார்கள். விலங்குகளின் தலையில் பொருத்தும் ஒரு சட்டம்தான் அவர்களின் கருவி. மனிதர்களுக்கான சட்டத்தை 1947-ல் அமெரிக்காவில் ஸ்பீகலும் வைசிஸும் செய்தார்கள். 1986-ல் அங்கே டார்ட்மவுத் மருத்துவர் டேவிட் ராபர்ட்ஸின் குழு சட்டத்தையே விட்டுவிட்டு, ஸ்கேன் படத்தை அறுவை மைக்ராஸ்கோப்போடு இணைத்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: ஸ்கேன் எடுத்தபோது இருந்த இடத்திலேயே மூளை இருக்கும்!

ஆனால் இருப்பதில்லை. மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள திரவம் வடிகிறது, மூளை தன் எடையாலேயே அமிழ்கிறது. ராபர்ட்ஸ் குழு 28 அறுவைகளில் அளந்து 1998-ல் வெளியிட்ட முடிவின்படி, மூளையின் மேற்பரப்பு சராசரியாக 1 செ.மீ. நகர்ந்திருந்தது, பெரும்பாலும் புவியீர்ப்புத் திசையில். கட்டிக்கும் பேச்சுக்கான பகுதிக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இல்லாமல் போகலாம். திரையோ பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

அறுவை அறைக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வைப்பது ஒரு வழி. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனை 1994-ல் அதைச் செய்தது. ஆனால் செலவு மிக அதிகம், காந்தம் இழுக்காத கருவிகளும் வேண்டும். எல்லா ஊருக்கும் ஆகிற காரியமா?

டார்ட்மவுத் பொறியாளர்கள் கீத் பால்சனும் மைக்கேல் மிகாவும் கணினியை நாடினார்கள். சுவையான விஷயம், அவர்கள் எடுத்துக்கொண்ட சமன்பாடுகள் மண்ணியலில் பிறந்தவை. ஈரக் களிமண்மேல் பாரம் ஏறினால் உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளியேறி நிலம் அமிழும். இதற்கு மாரிஸ் பியோ 1941-ல் முப்பரிமாணக் கணக்கு எழுதினார். மூளையும் நீர் ஊறிய பஞ்சு போன்றதுதானே! தலையில் நீர் கோக்கும் நோயை விளக்க, 1987-லேயே ஜப்பானின் நாகஷிமா குழு இதைப் பயன்படுத்தியிருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்திலுள்ள மூளையைக் கணினியில் ஆயிரக்கணக்கான நான்முகிகளாகப் பிரித்துச் சமன்பாட்டைத் தீர்த்தார்கள். சரிபார்க்க, பன்றிகளின் மூளையில் சிறு எஃகு மணிகளைப் பதித்து, பலூனை ஊதி அழுத்தி, மணிகள் நகர்வதை சி.டி.யில் பார்த்தார்கள். நகர்வின் பெரும்பகுதியைக் கணினி சரியாகச் சொன்னது.

மனித அறுவையில் இத்தனை மணிகளைப் பதிக்க முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பின் நகர்வை மட்டும் கேமராவால் அளந்து மாதிரிக்குக் கொடுக்கிறார்கள். ஆழத்தில் நடந்திருப்பதை அது கணித்து, பழைய படத்தை வளைத்துத் திருத்துகிறது. மருத்துவர் கட்டியை வெட்டி எடுக்கத் தொடங்கியதும்தான் கணக்கு உண்மையில் கடினமாகிறது. நான்முகிகள் சில அப்போது இல்லாமலே போய்விடுகின்றன.