பக்கத்துக் கணினி ஏன் கண்ணில் படுவதில்லை?

வீட்டில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருக்கு. இணையமும் ஓடுது. ஆனால் 'நெட்வொர்க்' ஐகானைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பலருக்கும் பழக்கமான இந்தத் தலைவலியின் வேர் நாற்பது வருடம் பின்னால் இருக்கிறது.

1983-இல் ஐபிஎம்முக்காக சைடெக் என்ற நிறுவனம் நெட்பயாஸை உருவாக்கியது. சில டஜன் கணினிகள் உள்ள ஓர் அலுவலகம்தான் அதன் உலகம். அங்கே பெயர்ப் பதிவேடு எதுவும் கிடையாது. ஒரு கணினி எழுந்ததும் "இது என் பெயர்" என்று கூவும். யாரும் மறுக்காவிட்டால் பெயர் அதற்கே. பெயருக்கு 16 பைட் இடம், அதில் கடைசி ஒன்று சேவையின் வகையைச் சொல்ல. மிச்சம் 15 எழுத்து. இன்றைக்கும் விண்டோஸில் நீளமான பெயர் வைத்தால் தகராறு வருவது அதனால்தான். இதன் மேல் ஏறி வந்ததுதான் கோப்பையும் பிரிண்டரையும் பகிரும் எஸ்எம்பி நெறிமுறை. ஐபிஎம்மில் அதை வடிவமைத்தவர் பேரி ஃபைகன்பாம்.

1992-இல் 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' வந்தது. "யார் யார் இருக்கிறார்கள்" என்ற பட்டியலை வைத்துக்கொள்ள, கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைத் தலைவராக்கின. கூத்து என்னவென்றால், திடீரென்று அணைந்துபோன கணினியின் பெயர் அரை மணி நேரத்துக்கு மேலும் பட்டியலில் நிற்கும். புதிதாக எழுந்தது உடனே வந்து சேராது. "இருக்கறது தெரியல, இல்லாதது தெரியுது" என்ற புலம்பல் அந்தக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

அதே 1992 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் தன் சர்வர் நிரலை வெளியிட்டார். கம்பியில் போகும் தகவல் பொதிகளை ஒட்டுக்கேட்டே நெறிமுறையைப் புரிந்துகொண்டு எழுதியது. பிற்பாடு அகராதியில் எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லைத் தேடி 'சாம்பா' என்று பெயர் வைத்தார். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2007 டிசம்பரில்தான் 10,000 யூரோ கட்டி மைக்ரோசாஃப்டின் ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைத்தன. இன்று வீடுகளில் இருக்கும் பல நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்குள் ஓடுவது சாம்பாதான்.

கதை திரும்பியது 2017 மே 12 அன்று. வானாக்ரை. எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடக்கியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இல் முதல் பதிப்பு தானாக நிறுவப்படவில்லை. அதை நம்பியிருந்த பழைய தேர்தல் முறையும் கூடவே போயிற்று. பக்கத்துக் கணினி காணாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வரலாறு தெரிந்தால் பழுதைப் பிரித்துப் பார்க்கலாம். காணாமல் போனது பட்டியல்தான். பகிர்வு அப்படியே இருக்கலாம். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு மற்ற கணினியின் ஐபி எண்ணை அடித்துப் பாருங்கள். திறந்தால் பகிர்வு சரி, கண்டுபிடிப்பதில்தான் கோளாறு: நெட்வொர்க் வகை 'பிரைவேட்' ஆக இருக்கிறதா, 'ஃபங்ஷன் டிஸ்கவரி' சேவைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அது கணக்குச் சிக்கல். எதுவுமே வராவிட்டால் ஃபயர்வாலில் 445-ஆம் போர்ட்டைக் கவனியுங்கள்.

"முதல் பதிப்பை ஆன் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக அந்தக் கதவைத் திறந்து வைப்பதைவிட, அதை யூஎஸ்பி கேபிளில் இணைத்துக்கொள்வது மேல். 2017-இல் மாட்டியவர்களும் அந்தக் கதவைத் தேவையில்லாமல் திறந்து வைத்திருந்தவர்கள்தான்.