பட்டடையும் பட்டறையும்: போருக்குப் பிந்திய செந்தூல்

இன்றைய மாணவரிடம் ‘பட்டறை’ என்று சொன்னால் கவிதைப் பட்டறையும் பயிற்சிப் பட்டறையுமே அவர் நினைவுக்கு வரும். செந்தூல் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்த முந்தைய தலைமுறைத் தமிழருக்கு அச்சொல் நெருப்பும் புகையும் இரும்போசையும் நிறைந்த ஓர் இடத்தைக் குறித்திருக்கும். கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குப் ‘பட்டடை’ என்று பெயர். திருக்குறளின் கூடா நட்பு அதிகாரத்திலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதுவே ‘பட்டறை’ எனத் திரிந்து, தொழில் நடக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. இடத்தில் உள்ள பொருளின் பெயர் இடத்துக்கு ஆகிவருவதைத் தானியாகுபெயர் என்பர் இலக்கண நூலார். கட்டடத்துக்கு முன் கருவி, கருவிக்கு முன் கை என்னும் வரிசை இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. போரில் சிதைந்த பணிமனை ஒன்று மீண்டெழுந்த வரலாற்றை அவ்வரிசையிலேயே காண்போம்.

மலாயாவின் முதல் இரயில்பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே உருவாகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு அருகே செந்தூலில் அதன் மத்தியப் பணிமனை எழுந்தது. எஞ்சின் கொட்டகைக்கும் பணிமனைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். கொட்டகையில் அன்றாடப் பராமரிப்பு நடக்கும்: கரியும் நீரும் நிரப்புவர், சாம்பலை அகற்றுவர், கொதிகலனைக் கழுவுவர். பணிமனையிலோ எஞ்சின் முழுமையாகப் பிரிக்கப்படும். கொதிகலன் சட்டத்திலிருந்து தூக்கப்படும். சக்கரங்கள் கழற்றிக் கடையப்படும். தேய்ந்த குழாய்கள் மாற்றப்படும். நீரழுத்தத்திலும் நீராவியிலும் சோதித்த பின்னரே வண்டி வெளியேறும். கொட்டகை ஒன்று அழிந்தால் அப்பகுதி இடர்ப்படும். மத்தியப் பணிமனை அழிந்தாலோ நாட்டின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும்.

அழிவு மூன்று முறை வந்தது. 1941, 1942ஆம் ஆண்டுகளில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலங்களைத் தகர்த்தனர். பின்னர் ஜப்பானிய ஆட்சியில் கிழக்குக்கரைப் பாதையின் நெடும்பகுதியும் தம்பின் – மலாக்கா கிளைப்பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டன. கிழக்குக்கரைத் தண்டவாளங்கள் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத் தளங்களிலிருந்து பறந்து வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் இரயில்வே பணிமனைகளைக் குண்டுவீசித் தாக்கின. எதிரியின் போக்குவரத்தை முடக்க அவன் பழுதுபார்க்கும் இடத்தையே முடக்க வேண்டும் என்பது போர்க்கணக்கு. அவ்விடத்தின் கூரைக்குக் கீழ் வேலை செய்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள்.

பழுதுபார்க்கும் இடமே பழுதானால் அதனை எங்கே பழுதுபார்ப்பது? மீட்டமைப்போர் முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே. சுவரெழுப்புவது எளிது. மின்னாற்றல் இன்றிக் கடைசல் பொறி சுழலாது. மேலே ஓடும் பாரந்தூக்கி இன்றிக் கொதிகலனைத் தூக்க இயலாது. சக்கரக் கடைசல் பொறி இன்றி எந்த எஞ்சினையும் பாதுகாப்பாக ஓட்ட இயலாது. ஆகவே பொறிகளைப் பழுதுநீக்கும் பொறிகளே முதலில் உயிர்பெற வேண்டும். அவற்றைக் கொண்டு மற்றப் பொறிகளும், அவற்றைக் கொண்டு எஞ்சின்களும் சீர்பெறும்.

அடுத்த சிக்கல் வகைகளின் பெருக்கம். போருக்கு முந்திய எஞ்சின்களோடு, அமெரிக்கப் படைக்காகக் கட்டப்பட்ட எஞ்சின்களும், 1946இல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்திலிருந்து வந்த புதியனவும் சேர்ந்தன. ஒவ்வொரு வகைக்கும் தனி அளவுகள், தனி உதிரிப்பொருள்கள், வார்ப்படச் சாலையில் தனி அச்சுகள் தேவைப்படும். 1948இல் அவசரகாலம் தொடங்கியபின் தடம்புரட்டப்பட்ட வண்டிகளும் பழுதுகளின் பட்டியலை நீட்டின. இத்தனைக்கும் இடையில் கிழக்குக்கரைப் பாதை 1954இல் முழுமையாக மீண்டது. மலாக்கா கிளைப்பாதை மீளவே இல்லை.

1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 26 டீசல் எஞ்சின்கள் வந்தபோது பணிமனையின் அமைப்பே மாறவேண்டியதாயிற்று. நீராவி எஞ்சின் கரித்தூசியோடு வாழும். டீசல் எஞ்சினின் எரிபொருள் செலுத்தியோ ஒரு துகள் தூசியையும் பொறுக்காது. கொல்லனின் கைத்திறனோடு மின்பணியாளரின் நுணுக்கமும் அங்கே தேவைப்பட்டது.

இனிக் கையைப் பற்றிச் சொல்வோம். கோலாலம்பூர் 1942 ஜனவரியில் வீழ்ந்தது. பிரிட்டிஷார் 1945 செப்டம்பரில் திரும்பினர். தொழில் பழகும் இளைஞனுக்கு இம்மூன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி பெரும் இழப்பு. மரண இரயில்பாதையோ பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை மலாயாவிலிருந்து கொண்டுசென்று, அவர்களுள் பெருந்தொகையினரைத் திருப்பித் தரவில்லை. கருவிகளைக் கப்பலில் வரவழைக்கலாம். காதால் கேட்டே கொதிகலனின் குறையைச் சொல்லும் பட்டறிவை அவ்வாறு வரவழைக்க இயலாது. மீண்ட முதியவர்கள் இளையவர்களின் அருகில் நின்று அதனைக் கற்பித்தாக வேண்டும். அக்கற்பித்தல் ஒரு மொழியில்தான் நடக்கும். செந்தூலில் தமிழ் அத்தகைய மொழிகளுள் ஒன்று. ‘பாய்லர்’, ‘பிட்டர்’, ‘கிரேன்’ ஆகிய சொற்கள் தமிழ் வினைகளோடு இணைந்து வழங்கின. தயிரைக் கடைதற்கும் இரும்பைக் கடைதற்கும் ஒரே வினை பயன்பட்டது. இக்கலப்பை மொழிச்சிதைவு என்று தள்ளிவிடலாகாது. அது ஒரு தொழிற்கூடத்தின் பாடநூல்.

இன்று பெரும்பழுதுப் பணிகள் பத்து காஜாவுக்குச் சென்றுவிட்டன. செந்தூலின் பழைய இரயில்வே கட்டடம் ஒன்று 2005 முதல் நிகழ்கலை மையமாக விளங்குகிறது. கட்டடம் காக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அங்கே வழங்கிய சொற்களைக் காப்பவர் யார்? ஆசிரியர்கள் ஒரு சிறுபணியை மாணவர்க்கு அளிக்கலாம்: இரயில்வேயில் உழைத்த குடும்பத்து முதியவரிடம் சென்று, ஒவ்வொரு கருவியையும் என்ன பெயரிட்டு அழைத்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வரட்டும். திருத்த வேண்டா, தூய்மைப்படுத்தவும் வேண்டா. அச்சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். குண்டுவீச்சில் இடிந்த சுவர்களை மீண்டும் எழுப்ப முடிந்தது. கேட்காமல் விடப்பட்ட சொல்லை மீண்டும் எழுப்ப வழியில்லை.