இருளில் வளரும் முளை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு சங்கத்து அன்பர்கள் பணித்தபோது, எதை எழுதுவது என்பதை நம் காலனிச் சிறுமி ஒருத்தி முன்னரே முடிவு செய்து வைத்திருந்தாள். சென்ற ஆடித் திங்களில் நம் மகளிர் முளைப்பாரி இட்டனர் அன்றோ? "செடிக்கு வெயில் வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். இதை மட்டும் ஏன் இருட்டறையில் வைக்கிறீர்கள்?" என்று அவள் வினவினாள். விடை கூறுவார் எவரும் இலர். பல்லாண்டுகளாக ரயில்வேக் கணக்கேடுகளோடு பழகிய நாமும் வாய் திறவாமல் நின்றோம்.

அதே ஆடியில் ஒரு வீட்டார் இட்ட முளை அழுகிப் போயிற்று. முளை செழித்தால் குடி செழிக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. அதனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மையார் மனம் புண்படும்படி சிலர் பேசியதும் நம் செவியில் விழுந்தது. இவ்விரண்டுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முளையிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. கோவலன் கண்ணகி திருமணத்தில் மகளிர் முளைப்பாலிகை ஏந்தி வந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இன்றும் தமிழ்நாட்டில் சில குடும்பத்துத் திருமணங்களில் பாலிகை தெளிக்கின்றனர். சிற்றூர்களில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி இட்டு, கும்மி கொட்டி, ஊர்வலமாக எடுத்துச் சென்று நீரில் விடுகின்றனர்.

நாம் குடியேறி வாழும் இம்மண்ணுக்கும் இவ்வழக்கம் புதிதன்று. 1911க்கு முன் சித்தூர்தான் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். தமிழும் தெலுங்கும் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவை. திருமலையில் பிரம்மோற்சவக் கொடியேற்றத்திற்கு முந்தின நாள் மாலை நடைபெறும் அங்குரார்ப்பணத்தை அன்பர்கள் பலர் அறிவர். சேனை முதலியார் எழுந்தருள, மண் எடுத்து வந்து, பாலிகைகளில் நவதானியம் விதைக்கின்றனர். பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பதால் இதனை இரவில் செய்கின்றனர். பெருவிழாவே ஒரு சிறு முளையில்தான் தொடங்குகின்றது.

இனி, இருட்டுக்கு வருவோம். சீமையிலும் ஒரு தோட்டப்பயிரை இருட்டில் வளர்த்த வரலாறு உண்டு. அதனை அறிந்தால் சிறுமியின் வினாவுக்கு வழி பிறக்கும். அப்பயிரின் பெயர் ரூபார்ப். நாட்டு மருந்துக் கடையில் இரேவல்சின்னி என்று விற்கும் கிழங்கு இதன் இனமே. ஆங்கிலேயர் இதன் புளிப்பான இலைத்தண்டைச் சர்க்கரை சேர்த்து வேகவைத்து உண்பர், இலையோ நஞ்சுடையது. 1817ஐ ஒட்டி, லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தில் கால்வாய் வெட்டிய மண், தற்செயலாக இச்செடிகளின் மேல் கொட்டப்பட்டதாம். சில வாரம் கழித்து மண்ணை அகற்றியபோது வெளிறிய, மிக இளந்தண்டுகள் காணப்பட்டன. உண்டு பார்த்தால் வெயிலில் வளர்ந்தவற்றினும் சுவை மிக்கிருந்தன. அதன்பின் வீட்டுத் தோட்டங்களில் செடியின் மேல் மண்பானையைக் கவிழ்த்து வளர்க்கலாயினர்.

பின்னர் யார்க்ஷயர் பகுதியில் இதற்கெனவே இருட்டுக் கொட்டகைகள் எழுந்தன. அங்கே செடியை இரண்டாண்டு தண்டு பறிக்காமல் வயலில் விட்டு, வெயிலும் உறைபனியும் கண்டபின் கிழங்கோடு பெயர்த்துக் கொட்டகையில் வைப்பர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுவடை செய்வர். 1960கள் வரை, குளிர்காலத்தில் ஆர்ட்ஸ்லி நிலையத்திலிருந்து இத்தண்டுகளை ஏற்றிக்கொண்டு லண்டனுக்கு இரவுதோறும் தனி ரயில் ஓடிற்று. பார்சல் அலுவலில் இருக்கும் நம் அன்பர்கள் அந்த இரவுகளின் அவசரத்தை எளிதில் உணர்வர்! 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பயிருக்குப் புவிசார் பாதுகாப்பும் அளித்தது.

தற்செயலாக அவர்கள் கண்டதை நம் பெண்மக்கள் அறிந்தே செய்து வந்தனர். காரணம் ஒன்றே. மண்ணுக்குள் கிடக்கும் முளை, வெளிச்சத்தை எட்டும்வரை மேலே மேலே நீள்கின்றது. வெளிச்சம் இன்மையால் பச்சையம் உண்டாவதில்லை; ஆதலின் நிறம் வெளிறிய மஞ்சள். அவ்வளவு நாளும் அதற்கு உணவு எது? நெடுந்தூர ரயிலில் புறப்படும் மகனுக்குத் தாய் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு போல, விதைக்குள் இருக்கும் மாவே உணவு. கட்டுச்சோறு தீர்ந்தால் முளை வாடும். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ அதனை எடுத்துவிடுவது எத்துணை பொருத்தம்! ரூபார்புக் கிழங்கும் அவ்வாறே. இருட்டில் ஒருமுறை விளைந்தபின் வலுவிழந்து எருவாகின்றது.

முளை அழுகுவதற்கும் காரணம் உண்டு. அது தெய்வக் குற்றமன்று, இட்டவரின் குற்றமுமன்று. பழைய விதை, பூச்சி அரித்த விதை, அடியில் துளையில்லாத சட்டி, தேங்கிய நீர், காற்றில்லா அறை ஆகியவை பூஞ்சணத்திற்கு விருந்து. புது விதையை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, முளை கண்டபின் இடுக. சட்டியில் வைக்கோலும் உலர்ந்த சாண எருவும் பரப்புக. நீரை ஊற்றாது கையால் தெளிக்க. அறை இருட்டாக இருக்கலாம். புழுக்கமாக இருத்தல் ஆகாது. நம் ஊர்க் குவார்ட்டர்ஸ் அறைகளின் வெப்பத்தை நாம் அறிவோம் அல்லவா?

வரும் ஆடியில் அந்த அம்மையாரின் சட்டியையே முதல் சட்டியாக வைக்க வேண்டுமென்று சங்க மகளிரை வேண்டிக்கொள்கிறோம்.

சிறுமிக்கு நாம் சொல்லும் விடை இது: குழந்தாய், உன் பள்ளியில் சொன்னது மெய்யே. முளை இருட்டில் வளர்ந்தாலும், அது உண்பது வெயிலைத்தான். சென்ற பருவத்தில் எங்கோ ஒரு வயலில் தாய்ச்செடி வாங்கிய வெயில் அந்த விதைக்குள் இருக்கின்றது.